பட்டறைத் தண்ணீரும் பாட்டில் தண்ணீரும்

(ஆரணியில் நூலக வாசகர்கள் கூடிய மாலை நேரத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேசைமேல் இரண்டு கண்ணாடி டம்ளர்கள் இருக்கின்றன. ஒன்றில் இந்தக் கட்டடத்துப் போர் தண்ணீர், இன்னொன்றில் கேன் தண்ணீர். என் கையில் இருக்கிற கருவியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். வீடு வீடாக வந்து தண்ணீர் மெஷின் விற்பவர்கள் கொண்டுவருவது இது. இரண்டு ஜோடி உலோகக் கம்பிகள், ஒரு பிளக், அவ்வளவுதான். கம்பிகளை இரண்டு டம்ளரிலும் இறக்கி சுவிட்சைப் போடுகிறேன். பாருங்கள், போர் தண்ணீர் முதலில் மஞ்சளாகி, பச்சையாகி, இப்போது பழுப்புத் திரள்கள் மிதக்கின்றன. கேன் தண்ணீர் தெளிவாகவே இருக்கிறது. "இந்த அழுக்கைத்தான் உங்கள் குழந்தைக்குக் குடிக்கக் கொடுக்கிறீர்கள்" என்று விற்பவர் சொல்லும் இடம் இதுதான். அதைக் கேட்டுப் பதறிப்போய் அன்றைக்கே முன்பணம் கொடுத்த வீடுகள் உண்டு.

இப்போது கேன் தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுக் கலக்குகிறேன். மறுபடியும் சுவிட்ச். பாருங்கள், அதுவும் பழுப்பாகிறது. அந்தப் பழுப்பு தண்ணீரிலிருந்து வரவில்லை, கம்பியிலிருந்து வருகிறது. மின்சாரம் பாயும்போது இரும்புக் கம்பி கரைந்து துருவாக இறங்குகிறது. தண்ணீரில் உப்புகள் கரைந்திருந்தால்தான் மின்சாரம் நன்றாகப் பாயும். கேன் தண்ணீரைத் தயாரிக்கும் ஆர்ஓ மெஷின் உப்பை எடுத்துவிடுவதால் அந்தத் தண்ணீரில் மின்சாரம் ஏறக்குறையப் பாய்வதில்லை, அதனால் கம்பியும் கரைவதில்லை. இந்தச் சோதனை தண்ணீரில் உப்பு இருக்கிறதா என்று காட்டுகிறது. அழுக்கு இருக்கிறதா, கிருமி இருக்கிறதா, அதைக் குடிக்கலாமா என்பதைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை.

பேனா அளவில் ஒரு டிடிஎஸ் மீட்டரும் கொண்டுவருவார்கள். அது அளப்பதும் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதைத்தான். அதை இளநீரில் வைத்துப் பாருங்கள், ஆயிரக்கணக்கில் காட்டும். காய்ச்சல்காரருக்கு நாம் வாங்கிக் கொடுக்கிற இளநீர் விஷமா? அதே மீட்டர் காலரா கிருமி இருக்கிற தண்ணீருக்கு நூறு என்று காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கும். கிருமி அதன் கண்ணுக்குத் தெரியாது.

தண்ணீரைச் சோதிப்பதில் ஆரணிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்பது என் நம்பிக்கை. இந்த ஊரிலும், சேவூர், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என்று சுற்றியுள்ள ஊர்களிலும் பட்டு நூல் தறிக்கு வருவதற்கு முன்னால் தண்ணீரைத்தான் கடந்து வருகிறது. கச்சா பட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு அதைச் சுற்றியிருக்கிற பசை. சோப்பும் சோடாவும் போட்ட வெந்நீரில் அந்தப் பசையை எடுக்கிறீர்கள். தண்ணீர் கடினமாக இருந்தால் சோப்பு திரிந்து நூலில் ஒட்டிக்கொள்ளும், பிறகு சாயம் திட்டுத் திட்டாக ஏறும். சோடா அளவுக்கு மிஞ்சினால் நூலே வலுவிழக்கும். சாயம் ஏற்றும்போது தொட்டியில் கொஞ்சம் அசிட்டிக் அமிலம் சேர்க்கிறீர்கள். அதாவது காரத்தன்மை எங்கே வேண்டும், அமிலத்தன்மை எங்கே வேண்டும், எவ்வளவு வேண்டும் என்பது உங்கள் கைக்குத் தெரியும். புதுச் சாயப்பொடி வந்தால் டப்பாவில் எழுதியிருப்பதை நம்பி ஒரு பாவு நூலையும் தொட்டியில் முக்குகிறவர் எவரும் இல்லை. ஒரு சிறு சிட்டத்தை முக்கி, உலர்த்தி, பகல் வெளிச்சத்தில் பழைய மாதிரியோடு வைத்துப் பார்க்கிறீர்கள். நூலுக்குக் காட்டும் இந்தக் கண்டிப்பைக் குடிக்கிற தண்ணீருக்கும் காட்ட வேண்டும் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

இப்போது அதிகமாகப் பேசப்படுவது ஆல்கலைன் வாட்டர். பாட்டிலிலும் வருகிறது, லட்சக்கணக்கில் விலை சொல்லும் மெஷினிலிருந்தும் வருகிறது. "உடம்பு அமிலமாகிவிட்டது. அதனால்தான் சர்க்கரை, மூட்டுவலி, புற்றுநோய் எல்லாம். காரத் தண்ணீர் குடித்தால் உடம்பு காரமாகும், நோய் ஓடிவிடும்" என்பதுதான் விற்பவர்கள் சொல்லும் கதையின் சாரம். பிஎச் எண் 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். இந்த மெஷின்கள் 8.5 முதல் 9.5 வரை பிஎச் உள்ள தண்ணீரைக் குடிக்கச் சொல்கின்றன.

நம் ரத்தத்தின் பிஎச் 7.35-க்கும் 7.45-க்கும் இடையில்தான் இருக்கும். ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரல் கரியமில வாயுவை வெளியேற்றுகிறது, சிறுநீரகம் அமிலத்தைச் சிறுநீரில் தள்ளுகிறது. இந்த இரண்டும் சேர்ந்து அந்தக் குறுகிய எல்லையை இரவு பகலாகக் காக்கின்றன. அந்த எல்லையை வெகுவாகத் தாண்டினால் ஆள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பார். குடிக்கிற தண்ணீரால் அதை மாற்ற முடியாது. முடிந்திருந்தால், எலுமிச்சைச் சாறு குடித்தவர்கள் எல்லோரும் ஆஸ்பத்திரியில் இருந்திருப்பார்கள்.

ரத்தத்துக்குப் போவதற்கு முன் வயிறு இருக்கிறது. அங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிஎச் 9.5 உள்ள தூய தண்ணீர் ஒரு லிட்டரில் இருக்கிற மொத்தக் காரமும், பிஎச் 2 உள்ள இரைப்பை நீரில் சுமார் மூன்று மில்லிலிட்டரை மட்டுமே சமன் செய்யும். பெரியவர் ஒருவரின் இரைப்பை ஒரு நாளில் சுரக்கும் நீர் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர். அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற சமையல் சோடாவில் ஒரு கிராம் எடுத்தால், அந்த ஒரு லிட்டர் தண்ணீரைவிட முந்நூறு மடங்குக்கு மேல் அமிலத்தைச் சமன் செய்யும். இதற்காகச் சோடா சாப்பிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பிஎச் என்ற எண் பெரிதாக இருப்பதும், அமிலத்தைச் சமன் செய்யும் சரக்கு நிறைய இருப்பதும் ஒன்றல்ல என்றுதான் சொல்கிறேன்.

அந்தச் சரக்குக்குக் காரத்துவம் என்று பெயர். பெரும்பாலும் பைகார்பனேட் உப்புகளால் வருவது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரம், ஐஎஸ் 10500, லிட்டருக்கு 200 மில்லிகிராம் காரத்துவம் ஏற்கத்தக்கது என்கிறது. அந்த அளவுள்ள சாதாரணப் போர் தண்ணீர், நான் மேலே சொன்ன பிஎச் 9.5 தூய தண்ணீரைப்போல நூறு மடங்குக்கும் மேல் அமிலத்தைச் சமன் செய்யும் சக்தி கொண்டது. அதன் பிஎச் ஏழரை என்றுதான் காட்டும். நம் பகுதிப் போர் தண்ணீர் இயல்பாகவே காரத்துவம் உள்ள தண்ணீர். முதலில் ஆர்ஓ மெஷினை விற்று அந்த உப்பையெல்லாம் எடுத்துவிடுகிறார்கள். பிறகு அதே மெஷினில் ஆல்கலைன் கேட்ரிட்ஜ் என்று ஒரு குழாயைப் பொருத்தி, எடுத்ததில் கொஞ்சத்தைத் திருப்பிப் போடுகிறார்கள். இரண்டு வேலைக்கும் நாம்தான் காசு கொடுக்கிறோம்.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். 2016-இல் பிஎம்ஜே ஓப்பன் இதழில் ஃபென்டன், ஹுவாங் என்ற இருவர், உணவிலும் நீரிலும் உள்ள அமில காரத்துக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டா என்று அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டினார்கள். எட்டாயிரத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளைச் சலித்ததில் தகுதிக்கு நின்றது ஒரே ஒரு ஆய்வு. அதுவும் தொடர்பு இல்லை என்றது. காரத் தண்ணீரால் புற்றுநோய் தீரும் என்பதற்கு ஓர் ஆய்வுகூட அகப்படவில்லை.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2012-இல் வந்த ஓர் ஆய்வில், பிஎச் 8.8 உள்ள பைகார்பனேட் தண்ணீர், நெஞ்செரிச்சலில் தொண்டையைப் புண்ணாக்கும் பெப்சின் நொதியைச் செயலிழக்கச் செய்தது. ஆனால் அது சோதனைக் குழாயில் நடந்தது, மனித வயிற்றில் அல்ல. 2016-இல் நூறு பேரை வைத்து நடந்த இன்னொரு ஆய்வில், உடற்பயிற்சிக்குப் பிறகு உயர் பிஎச் தண்ணீர் குடித்தவர்களுக்கு ரத்தத்தின் பிசுபிசுப்பு 6.3 சதவீதமும், சாதாரணத் தண்ணீர் குடித்தவர்களுக்கு 3.4 சதவீதமும் குறைந்தது. செலவை ஏற்றது அந்தத் தண்ணீரை விற்கும் நிறுவனம். காசு கொடுத்தது அந்த நிறுவனம் என்பதாலேயே அது பொய் என்று ஆகாது. வேறொருவர் செய்தும் அதே விடை வருகிறதா என்று காத்திருக்க வேண்டும் என்று ஆகிறது. பிசுபிசுப்பு சற்றுக் குறைந்ததால் அந்த நூறு பேரில் யாருக்காவது நோய் குறைந்ததா என்று அந்த ஆய்வு பார்க்கவே இல்லை. ஜப்பானில் இந்த மெஷின்கள் பல பத்தாண்டுகளாக வீட்டு மருத்துவக் கருவியாக அனுமதி பெற்றவை என்பார்கள். உண்மைதான். எதற்கு அனுமதி? அஜீரணம் போன்ற வயிற்றுக் கோளாறுகளுக்கு. சர்க்கரைக்கும் புற்றுநோய்க்கும் அல்ல. அந்த இரண்டாவது பாதியைக் கல்யாண மண்டபத்தில் நடத்தும் விற்பனைக் கூட்டங்களில் விட்டுவிடுகிறார்கள்.

உடம்பைக் காரமாக்கு என்ற பிரசாரத்தை அமெரிக்காவில் பரப்பியவர்களில் முக்கியமானவர் ராபர்ட் யங். 2002-இல் 'பிஎச் மிராக்கிள்' என்று புத்தகம் எழுதி லட்சக்கணக்கில் விற்றார். மருத்துவர் அல்லாதவர். உரிமம் இல்லாமல் வைத்தியம் செய்ததாக 2016-இல் கலிஃபோர்னியாவில் குற்றவாளி எனத் தீர்ப்பாகிச் சிறைக்குப் போனார். அவரை நம்பிப் புற்றுநோய் சிகிச்சையைத் தள்ளிப்போட்ட ஒரு பெண்ணுக்கு 2018-இல் நடுவர் குழு பத்து கோடி டாலருக்கு மேல் இழப்பீடு அறிவித்தது. அந்தப் பணம் அந்தப் பெண் இழந்த காலத்தைத் திருப்பித் தராது.

ஹைட்ரஜன் வாயுவைக் கரைத்து விற்கும் ஹைட்ரஜன் வாட்டரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2007-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள், மூளைக்கு ரத்தம் தடைபட்ட எலிகளை ஹைட்ரஜன் வாயுவைச் சுவாசிக்க வைத்து, பாதிப்பு குறைவதைக் கண்டார்கள். அது நல்ல இதழில் வந்த நல்ல ஆய்வு. அதன்பின் மனிதர்களிடம் சிறு சிறு ஆய்வுகள் நடக்கின்றன, இன்னும் முடிவு சொல்லும் நிலைக்கு வரவில்லை. சாதாரணக் காற்றழுத்தத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் பிடித்துவைக்கக்கூடிய ஹைட்ரஜன் 1.6 மில்லிகிராம்தான், மூடியைத் திறந்தால் அதுவும் கிளம்பிவிடும். 2016 டிசம்பரில் ஜப்பானின் தேசிய நுகர்வோர் மையம் கடைச் சரக்குகளைச் சோதித்தபோது சிலவற்றில் ஹைட்ரஜனே பெயருக்குத்தான் இருந்தது. சுண்டலும் பயறும் சாப்பிட்டவரின் குடலில் கிருமிகள் தாமாகவே ஹைட்ரஜனை உண்டாக்குகின்றன, காசில்லாமல்.

செப்புப் பாத்திரத் தண்ணீரை இந்த வரிசையில் வைக்க மாட்டேன். அதில் உள்ளது சின்ன விஷயம், ஆனால் உண்மையான விஷயம். பெங்களூரைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட கட்டுரையில், வயிற்றுப்போக்குக் கிருமிகளை வேண்டுமென்றே கலந்த தண்ணீரைச் செப்புப் பானையில் 16 மணி நேரம் வைத்தார்கள். கிருமிகளை வளர்த்தெடுக்க முடியவில்லை. தண்ணீரில் இறங்கிய செம்பும் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்புக்கு மிகக் கீழே இருந்தது. கண்ணாடிக் குடுவையில் அதே தண்ணீரை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. சாயப் பட்டறையில் நீங்கள் பழைய மாதிரியோடு வைத்துப் பார்ப்பதும் இதுவேதான். ஆனால் அந்த ஆய்வு சொன்னது கிருமியைப் பற்றி மட்டும். தைராய்டு சரியாகும், உடம்பு இளைக்கும், வயது குறையும் என்பதெல்லாம் பிறகு ஒட்டவைத்தவை. அந்தப் பாத்திரத்தில் எலுமிச்சைச் சாறு, மோர், புளிக்கரைசல் ஊற்றக் கூடாது. புளிப்பு செம்பைக் கரைத்துவிடும். நம் பாட்டிமார்கள் பாத்திரத்துக்கு ஈயம் பூச ஆளைத் தேடியது அதற்காகத்தான்.

'விசேஷத் தண்ணீர்தானே, நன்மை இல்லாவிட்டாலும் தீமை என்ன வந்துவிடும்' என்று கேட்பவர்கள் உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் மிக நாகரிகமான தண்ணீர் ரேடியம் கலந்த தண்ணீர். ரேடிதார் என்ற பெயரில் சிறு பாட்டில்களில் விற்றார்கள். சில ஊற்று நீரில் கதிர்வீச்சு இருந்ததைக் கண்டு, அதுதான் ஊற்று நீரின் குணப்படுத்தும் சக்தி என்று முடிவுகட்டிவிட்டார்கள். எபென் பையர்ஸ் என்ற செல்வந்தர் கைவலிக்காகக் குடிக்க ஆரம்பித்தார், தெம்பாக இருக்கிறது என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டில்களைக் குடித்தார். தாடை எலும்பு அழிந்து 1932-இல் இறந்தார். அது பழங்கதை என்றால், நெவாடா மாநிலத்தில் 'ரியல் வாட்டர்' என்று ஆல்கலைன் வாட்டர் விற்ற நிறுவனத்தின் கதை நேற்று நடந்தது. 2020 நவம்பரில் ஐந்து குழந்தைகள் கல்லீரல் செயலிழப்போடு மருத்துவமனைக்கு வந்தார்கள். எல்லோர் வீட்டிலும் பொதுவாக இருந்தது அந்தத் தண்ணீர். 2021-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதைக் குடிக்க வேண்டாம் என்று எச்சரித்தது. சுத்தமான தண்ணீரை எடுத்து ஏதோ சேர்க்கிறேன் என்று யாராவது சொன்னால், என்ன சேர்க்கிறாய், யார் பார்த்தார்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

ஆனால் எனக்கு நல்லாயிருக்கே என்று மெஷின் வாங்கியவர் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் உங்கள் சித்தப்பாவாக, அக்கா வீட்டுக்காரராக இருப்பார், உங்கள் நலனை நினைத்தே சொல்வார். அவரைப் பழித்துப் பேச வேண்டாம். மெஷின் வாங்கிய நாளிலிருந்து அவர் என்னென்ன மாற்றினார் என்று பக்கத்தில் உட்கார்ந்து விசாரியுங்கள். ஒரு நாளைக்கு நான்கைந்து டம்ளர் கூடுதலாகக் குடிக்கிறார். கலர் சோடாவை விட்டார். காலையில் நடக்கிறார். மாத்திரையும் தொடர்கிறார். வலி என்பது இயல்பாகவே ஏறி இறங்குவது. மிகவும் முடியாமல் போன நேரத்தில் வாங்கிய எதற்கும் அடுத்த மாதம் நல்ல பெயர்தான் வரும்.

அந்த நான்கைந்து டம்ளருக்கு உண்மையான பலன் உண்டு, மெஷினுக்கல்ல. இத்தாலியில் போர்கியும் அவர் குழுவினரும் முதல்முறை சிறுநீரகக் கல் வந்த 199 பேரை இரண்டாகப் பிரித்து ஐந்து ஆண்டுகள் கவனித்தார்கள். ஒரு பாதியினரை நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். அவர்களில் 12 பேருக்குக் கல் திரும்ப வந்தது, மற்ற பாதியில் 27 பேருக்கு வந்தது. 1996-இல் வெளியான ஆய்வு இது. சித்திரை வெயிலில் தறிக்குழியில் கால்களை இறக்கி உட்கார்ந்தவர், எழுந்து போகிற நேரத்தை மிச்சம் பிடிக்கத் தண்ணீரையே குடிக்காமல் இருந்துவிடுகிறார். பெண்கள் கழிப்பறைக்காக யோசித்து இன்னும் குறைத்துக்கொள்கிறார்கள். இவர்களுக்கு எந்த விசேஷத் தண்ணீரும் வேண்டாம். கைக்கெட்டும் இடத்தில் ஒரு சொம்பு தண்ணீரும், தறிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு கழிப்பறையும் வேண்டும். இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் எவ்வளவு குடிப்பது என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

என்னை உண்மையிலேயே கவலைப்படுத்துவது வேறு. 1937-இல் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டைச் சேர்ந்த ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகியோர் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் ஒரு நோயைப் பற்றி எழுதினார்கள். ஊர் ஊராகப் பல்லில் பழுப்புக் கறை. நடுவயதிலேயே கழுத்தும் முதுகும் இறுகிப்போனவர்கள். காரணம் கிணற்று நீரில் இருந்த ஃபுளூரைடு. இந்தியாவில் ஃபுளூரோசிஸ் நோய் அறியப்பட்டது அப்படித்தான். பாறையில் இருக்கும் ஃபுளூரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்தக் கொடுமைக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்து 2013-இல் தொடங்கிவைத்தார்கள். நம் திருவண்ணாமலை மாவட்டத்திலும் சில பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு வரம்புக்கு மேல் இருக்கிறது. ஏற்கத்தக்கது லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை.

ஃபுளூரைடுக்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. காய்ச்சினால் போகாது, தண்ணீர் வற்றுவதால் இன்னும் கொஞ்சம் செறிவாகும். செப்புக் குடத்தாலும் போகாது. பிஎச்சை ஏற்றுவதாலும் குறையாது. கால்சியம் குறைந்து சோடியம் பைகார்பனேட் மிகுந்த, இயல்பாகவே காரமான நிலத்தடி நீரில்தான் ஃபுளூரைடு அதிகமாகக் கரைந்திருக்கும். காரமாக இருப்பதே நல்லது என்று நம்பியிருப்பவர் இதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும். ஃபுளூரைடு மிகுந்த இடத்தில், உப்பு கடுமையாக உள்ள இடத்தில், ஆர்ஓ மெஷின் உண்மையிலேயே உதவும். ஒரு குடம் எடுக்க இரண்டு மூன்று குடம் கழிவாகப் போனாலும் அங்கே அது தேவை. தேவையில்லாத வீட்டில் அதே மெஷின் தண்ணீரையும் கால்சியத்தையும் சாக்கடையில் விடுகிறது. எந்த வீட்டுக்கு எது என்பதை விற்பவரின் கம்பி சொல்லாது, பரிசோதனைக்கூடத்துத் தாள்தான் சொல்லும்.

நோயைத் தீர்க்கும் என்று சொல்லி விற்பவரிடம் அதை எழுத்தில் கேளுங்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆம் பிரிவின்படி தவறான விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆள் சேர்த்தால் கமிஷன் என்று சங்கிலி போடும் விற்பனையை 2021-ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகள் தடுக்கின்றன. புகார் சொல்ல 1915 என்ற தேசிய நுகர்வோர் எண் இருக்கிறது. கடன் வாங்கி மெஷின் வாங்கிவிட்டு, அந்தக் கடனை அடைக்க இன்னும் நான்கு சொந்தக்காரர்களைச் சேர்த்துவிடுவது ஒரு குடும்பத்தையே பகையாக்கிவிடும். அதைவிடப் பெரிய அபாயம் ஒன்று உண்டு. தண்ணீரை நம்பிச் சர்க்கரை மாத்திரையையும் இன்சுலினையும் நிறுத்துவது. இந்த அரங்கில் யாராவது அப்படி நிறுத்தியிருந்தால், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், நாளைக்குக் காலையில் அரசு மருத்துவமனைக்குப் போய் மருத்துவரைப் பாருங்கள்.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத் தலைநகரங்களில் நீர்ப் பரிசோதனைக்கூடங்கள் இருக்கின்றன. பொதுமக்களும் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம். இரண்டு லிட்டர் பிடிக்கும் சுத்தமான பிளாஸ்டிக் கேனை எடுங்கள். சோப்பு வாடை, எண்ணெய் வாடை இருக்கக் கூடாது. மோட்டாரைப் போட்டதும் பிடிக்காதீர்கள், சில நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் கேனை மூன்று முறை அலசிவிட்டு, கழுத்துவரை நிரப்பி மூடுங்கள். இடம், போரின் ஆழம், தேதி, நேரம் எழுதி ஒட்டுங்கள். கிருமிச் சோதனைக்கு இந்தக் கேன் ஆகாது, கூடத்திலேயே கிருமி நீக்கிய பாட்டில் கேட்டு வாங்கி, அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தாள் வந்ததும் ஃபுளூரைடு, நைட்ரேட், மொத்தக் கடினத்தன்மை, கோலிஃபார்ம் கிருமி ஆகிய நான்கையும் முதலில் பாருங்கள். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கழிவுநீர் எங்கோ கலக்கிறது என்று சந்தேகப்பட்டு, அந்தத் தண்ணீரைக் கைக்குழந்தைக்குப் பால் கலக்க எடுக்காதீர்கள். ஒரு தெருவில் பத்து வீட்டுக்கும் ஒரே ஆழத்தில் போர் என்றால், ஃபுளூரைடைப் பார்க்கப் பத்து பேரும் சேர்ந்து முதலில் ஒரு மாதிரி கொடுக்கலாம். மழைக்கு முன் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை கொடுங்கள். தாளைப் படிக்கத் தெரியவில்லை என்றால் இந்த நூலகத்துக்குக் கொண்டுவாருங்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் இங்கேதான் இருப்பேன்.